மணியோடு ஆழமும் காட்டும் பழைய டைவ் வாட்ச்கள்

பழைய டைவ் வாட்ச் விற்பவர்களிடம் எதைப் பற்றிக் கேட்டாலும் முதலில் வரும் பதில், "நல்லா ஓடுது சார், நேரம் சரியா இருக்கு" என்பதுதான். சாதாரண வாட்சுக்கு அது போதும். ஆழமானி சேர்ந்த வாட்சுக்குப் போதாது. எத்தனை மீட்டர் கீழே இருக்கிறோம் என்பதை அது சரியாகச் சொல்லவில்லை என்றால், டயலைச் சுற்றி அச்சடித்திருக்கும் ஆழக் கோடுகள் வெறும் அலங்காரம். அதனால் இங்கே நேரம் காட்டும் திறமையைப் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. மூன்று வாட்ச்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இருக்கும் ஆழமானியை ஓர் அளவுகருவியாகவே நடத்திப் பார்த்திருக்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் முக்குளிக்கும்போது ஒரு கையில் இன்றைய டைவ் கம்ப்யூட்டர், அதாவது ஆழத்தையும் நேரத்தையும் வைத்துத் தானே கணக்குப் போடும் கருவி, எப்போதும் இருக்கும். பழைய வாட்ச் மறு கையில். இவற்றை மட்டும் நம்பி யாரும் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

சரி, வாட்சுக்குள் ஆழமானியை எதற்காக வைத்தார்கள்? அழுத்தம் கூடிய காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைந்துகொண்டே போகிறது. எவ்வளவு கரைகிறது என்பதை ஆழமும் நேரமும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அளவுக்கு மேல் கரைந்துவிட்டால் நேராக மேலே வரக் கூடாது, வழியில் நின்று நின்றுதான் வர வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் பழைய அட்டவணைப்படி, வழியில் நிற்காமல் நேராக மேலே வருவதற்கு 60 அடியில் 60 நிமிடம் அனுமதி. 100 அடியில் 25 நிமிடம். 130 அடியில் வெறும் 10 நிமிடம். பிரெஞ்சுக்காரர்களான கூஸ்டோவும் கான்யானும் 1943ல் அக்வா-லங் என்ற நீரடிச் சுவாசக் கருவியை உருவாக்கிய பிறகு கடலுக்குள் போவது எளிதாகிவிட்டது. பத்திரமாகத் திரும்பி வரத்தான் இந்தக் கணக்கு தேவைப்பட்டது. 1953ல் பிளாங்பான் நிறுவனம் கொண்டுவந்த ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்ச், சுழலும் பெசலை, அதாவது டயலைச் சுற்றியுள்ள வெளி வளையத்தை, வைத்துக் கணக்கின் ஒரு பாதியை, அதாவது நேரத்தை, கைக்குக் கொண்டுவந்தது. ஃபாதம் என்றால் பாகம் என்ற கடல் அளவு; ஐம்பது பாகம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். ஆனால் அந்த 91 மீட்டரில் இப்போது எங்கே இருக்கிறோம் என்பதை அந்த வாட்ச் சொல்லாது. 1967ல் வந்த டாக்ஸா சப் வாட்சோ அட்டவணையையே பெசலில் பொறித்துவிட்டது. அருமையான யோசனை. இருந்தாலும் அதைப் படிக்க ஆழம் தெரிந்திருக்க வேண்டும். அதற்கு இன்னொரு கையில் இன்னொரு கருவி கட்ட வேண்டியிருந்தது. இரண்டையும் ஒன்றாக்கும் முயற்சியில் பிறந்தவைதான் நான் இங்கே பேசப்போகும் வாட்ச்கள்.

முதலாவது, நுண்குழாய் வைத்தது. என்னிடம் இருப்பது 1970களின் ஒரு சுவிஸ் வாட்ச். டயலில் உள்ள பெயரைச் சொன்னால் பலருக்கும் தெரியாது. ஏறக்குறைய ஒரே மாதிரி வாட்ச் கூடு பல பெயர்களில் விற்ற காலம் அது. பெயர் தெரிந்த வாட்ச்தான் வேண்டும் என்றால் 1960களில் வந்த நிவாடா டெப்தோமேட்டிக்கைத் தேடலாம். தத்துவம் ஒன்றுதான்.

டயலைச் சுற்றி, கண்ணாடியின் விளிம்பை ஒட்டி, மெல்லிய குழாய் ஒன்று ஓடுகிறது. அதன் ஒரு முனை அடைபட்டிருக்கும். மறுமுனை ஊசித்துளையாக வெளியே திறந்திருக்கும். அவ்வளவுதான் கருவி. சக்கரம் இல்லை, ஸ்பிரிங் இல்லை, பேட்டரி இல்லை. ஒரு டம்ளரைக் கவிழ்த்து வாளித் தண்ணீருக்குள் அழுத்தினால், உள்ளே மாட்டிக்கொண்ட காற்று கொஞ்சம் சுருங்கித் தண்ணீர் கொஞ்சம் மேலே ஏறும். இங்கே நடப்பதும் அதுவே. அழுத்தம் இரட்டிப்பானால் காற்றின் கனஅளவு பாதியாகும் என்று பள்ளியில் படித்த பாயில் விதியை அப்படியே மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறோம்.

கடலில் ஏறத்தாழ 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடிக்கொண்டே போகும். மேற்பரப்பில் ஒன்று, 10 மீட்டரில் இரண்டு, 20ல் மூன்று. ஆகவே 10 மீட்டரில் தண்ணீர் குழாயின் பாதி தூரம் வந்திருக்கும். 20ல் மூன்றில் இரண்டு பங்கு, 30ல் நான்கில் மூன்று பங்கு, 40ல் ஐந்தில் நான்கு பங்கு. குழாய் முழு வட்டமாக ஓடுவதாக வைத்துக்கொண்டால், முதல் 10 மீட்டருக்கு 180 டிகிரி இடம் கிடைக்கிறது. 30க்கும் 40க்கும் நடுவே கிடைப்பது 18 டிகிரி, அதாவது டயலில் மூன்று நிமிடக் கோடுகளின் அகலம்.

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் பலர் நுண்குழாய் வாட்சை ஒதுக்கிவிடுகிறார்கள். ஆழம் கூடக் கூடக் கோடுகள் நெருங்கிவிடுகின்றன, பிறகு என்ன பயன் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முக்குளிப்பவருக்கு ஆழத்தை மிக நுணுக்கமாகப் பார்க்க வேண்டிய நேரம், மேலே வரும்போது 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கும் பாதுகாப்பு நிறுத்தம். அந்த இடத்தில் நுண்குழாய்க்கு நிகர் கிடையாது. 5 மீட்டரில் தண்ணீர் 120 டிகிரியில் நிற்கும். நாம் அரை மீட்டர் மேலே மிதந்துவிட்டால் அது எட்டு டிகிரி பின்வாங்கும். மூச்சை இழுக்கும்போதும் விடும்போதும் உடல் ஏறி இறங்குவதைக்கூட அந்த நீர்க்கோட்டின் அசைவில் பார்க்கலாம். ஓர் எண் மாறுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடு நகர்வது கண்ணோரத்திலேயே தெரிந்துவிடும். இந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு இந்த வாட்ச் மேல் தனிப் பிரியம் உண்டு.

ஐந்து மீட்டருக்கு ஒரு முடிச்சாகப் போட்டு, அடியில் எடை கட்டிய கயிற்றை இறக்கி, அதைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்தேன். 5லும் 10லும் முடிச்சும் நீர்க்கோடும் கம்ப்யூட்டரும் ஒன்றாகவே சொல்லின. 20ல் ஒரு மீட்டர் முன்பின். 30ஐத் தாண்டியதும் "முப்பதுக்கு மேலே" என்றுதான் சொல்ல முடிந்தது. 33ஆ 36ஆ என்று உறுதியாகச் சொல்லும் தெளிவு இல்லை. வாட்சைக் குறை சொல்லி என்ன செய்வது? பாயில் விதி அப்படி. ஆழமாகப் போகிறவர்களுக்கு இது ஏற்ற கருவி இல்லை.

படிப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும். எந்தத் தட்டைக் கண்ணாடி வாட்சையும் நீருக்கடியில் மிகச் சாய்வாகப் பார்த்தால், கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுப் படலத்தில் ஒளி முழுக்கத் திரும்பிவிடும். டயல் தெரியாது, வெள்ளித் தகடு மாதிரி பளபளக்கும். மணி பார்க்க இது தொல்லை. குழாயைப் பார்க்க அதுவே உதவி. மணிக்கட்டை லேசாகச் சாய்த்தால், குழாயில் காற்று இருக்கும் பகுதி மட்டும் வெள்ளியாக மின்னும், தண்ணீர் நிரம்பிய பகுதி மங்கலாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடமே ஆழம். நேராகப் பார்த்துக்கொண்டே "கோட்டைக் காணோமே" என்று தேடுபவர்களுக்கு இந்தச் சாய்வைச் சொல்லிக்கொடுத்தால் போதும்.

அப்புறம் சூடு. படகில் வெயில் படும்படி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு அப்படியே குதித்தால், குழாயில் இருந்த சூடான காற்று குளிர்ந்து சுருங்கும். 45 டிகிரி செல்சியஸில் இருந்த காற்று 25 டிகிரி தண்ணீரில் இறங்கினால் 10 மீட்டரில் நிற்கும்போது 11 மீட்டருக்கும் மேலே காட்டும். உண்மையைவிட ஆழமாகக் காட்டுவதால் பாதுகாப்பின் பக்கம் சாய்ந்த பிழைதான் அது. ஆனாலும் பிழை பிழைதான். இறங்கும்வரை வாட்சை நிழலில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெரிய எதிரி உப்பும் மண்ணும். அந்த ஊசித்துளையில் உப்பு படிந்தால் தண்ணீர் உள்ளே வராது. நாம் எவ்வளவு இறங்கினாலும் வாட்ச் குறைவாகவே காட்டும். இது ஆபத்தின் பக்கம் சாய்ந்த பிழை. குழாய்க்குள் பழைய நீர்த்துளிகள் தங்கிவிட்டாலும் நீர்க்கோடு துண்டு துண்டாக உடைந்து எது ஆழம் என்று குழம்பும். ஒவ்வொரு முறையும் கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுகிறேன். காலையில் துளை வெளிப்பக்கம் இருக்கும்படி பிடித்து நன்றாக உதறினால் துளிகள் வெளியேறிவிடும். அடைப்பு இருந்தால் மிக மெல்லிய நைலான் இழையை நுழைக்கலாம். ஊசி கூடவே கூடாது. குழாய் ஓடும் அக்ரிலிக் கண்ணாடி கீறிவிட்டால் அந்தக் கீறலில்தான் அடுத்த அழுக்கு வந்து உட்காரும். ஆனால் இந்தப் பராமரிப்பு எல்லாம் வைத்திருப்பவரே செய்துகொள்ளக்கூடியது. என்ன கோளாறு என்பது கண்ணுக்குத் தெரிகிறது. கையால் சரிசெய்ய முடிகிறது. ஐம்பது வயதான ஓர் அளவுகருவிக்கு இதைவிடப் பெரிய நற்சான்று இருக்க முடியாது என்பது என் கருத்து.

இன்னொரு அழகும் உண்டு, பலர் கவனிக்காதது. மலைமேல் இருக்கும் ஏரியில் முக்குளித்தால் அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவு. கடல்மட்டத்துக்காகப் போட்ட அட்டவணையை அப்படியே பயன்படுத்த முடியாது. உண்மையான ஆழத்தைவிடக் கூடுதலான ஆழமாகக் கணக்கு வைக்க வேண்டும். நுண்குழாய் இதைத் தானாகவே செய்துவிடுகிறது. அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கான இடத்தில், ஏறத்தாழ 8 மீட்டரிலேயே குழாயின் காற்று பாதியாகிவிடும். வாட்ச் 10 என்று காட்டும். அந்த 10ஐத்தான் அட்டவணையில் பார்க்க வேண்டும். யாரும் திட்டமிட்டுச் சேர்க்காத வசதி. விலை உயர்ந்த இயந்திர ஆழமானிகளுக்கு இது தானாக வராது.

வாங்கும்போது ஏமாறும் இடம் கண்ணாடி. எனக்கு ஒரு விற்பனையாளர் அனுப்பிய வாட்சில் டயல் அழகாக இருந்தது, ஆழக் கோடுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன, கண்ணாடியும் புத்தம்புதிது. குழாயை மட்டும் காணோம். பழைய கண்ணாடி கீறிப்போனதென்று யாரோ அதை எடுத்து எறிந்துவிட்டு அளவுக்கு ஏற்ற சாதாரண அக்ரிலிக் கண்ணாடியைப் பொருத்தியிருக்கிறார்கள். ஆழமானியே அந்தக் கண்ணாடிதான் என்பது பழுது பார்த்தவருக்கும் தெரியவில்லை, விற்றவருக்கும் தெரியவில்லை. "நேரம் சரியாகத்தானே காட்டுகிறது" என்று அவர் பதில் எழுதியது எனக்கு இன்றும் ஆற்றாமைதான். திருப்பி அனுப்பிவிட்டேன். கண்ணாடி கீறலோடு இருந்தால் வாங்குங்கள். பளபளவென்று புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது வாட்ச் வேறு உலகம். ஃபேவ்ர்-லூபா பாத்தி 50. இந்த நிறுவனம் 1962ல் பிவுவாக் என்ற மலையேற்ற வாட்சைக் கொண்டுவந்தது. காற்றழுத்தத்தை அளந்து உயரம் காட்டும் கைக்கடிகாரம் அது. அதே சிந்தனையைத் தலைகீழாகக் கடலுக்குள் இறக்கியதுதான் 1960களின் பிற்பகுதியில் வந்த பாத்தி. மீட்டர் அளவில் பாத்தி 50. அடி அளவில் பாத்தி 160. இரண்டும் ஏறக்குறைய ஒரே ஆழம்தான்.

வாட்சைத் திருப்பிப் பார்த்தால் பின்மூடியில் துளைகள் இருக்கும். டைவ் வாட்சின் பின்மூடியில் துளையா என்று முதல்முறை பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள். தண்ணீர் அந்தத் துளைகள் வழியே உள்ளே வந்து மெல்லிய உலோகச் சவ்வு ஒன்றை அழுத்துகிறது. சவ்வின் மிகச் சிறிய அசைவு பெரிதாக்கப்பட்டு, டயலின் நடுவே இருக்கும் ஆழமுள்ளைத் திருப்புகிறது. மணிமுள்ளும் நிமிடமுள்ளும் ஆழமுள்ளும் ஒரே மையத்தில். ஒரு விரலளவு தடிமனுக்குள் கடிகாரத்தையும் அழுத்தமானியையும் அடுக்கி, இரண்டின் முட்களையும் ஒரே அச்சில் கொண்டுவந்திருக்கிறார்களே, அதைச் செய்தவர்களை நினைத்தால் மரியாதை வருகிறது. நுண்குழாய் மாதிரி ஆழத்தில் கோடுகள் நெருங்குவதும் இல்லை. 40ஐப் படிப்பது 10ஐப் படிப்பதைப் போலவே எளிது.

நண்பர் ஒருவர் தன்னுடையதைச் சில நாட்கள் என்னிடம் விட்டுவைத்தார். நான் அதைத் தண்ணீரில் இறக்கவில்லை. இறக்கவும் மாட்டேன். காரணம் எளிது: கடலுக்கும் கடிகார இயந்திரத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சவ்வுதான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வயதான மெல்லிய உலோகம். அதில் மயிரிழை விரிசல் விட்டால் ஆழமானியும் போகும், கடிகாரமும் போகும். மாற்றுச் சவ்வு கடையில் வாங்கும் பொருள் இல்லை.

ஆனால் சோதிக்க வழி இருக்கிறது. வாட்ச் பழுது பார்ப்பவர்கள் நீர்புகாமையைச் சோதிக்கக் காற்றழுத்தப் பெட்டி வைத்திருப்பார்கள். சவ்வுக்கு அழுத்தம் காற்றால் வந்தாலும் நீரால் வந்தாலும் ஒன்றுதான். பெட்டியில் 1 பார், அதாவது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம், கூட்டினால் முள் 10 மீட்டருக்குப் போக வேண்டும். 2 பாருக்கு 20. மெதுவாக ஏற்றி ஒவ்வொரு நிலையிலும் பார்த்தோம். முள் ஒரே சீராக ஏறியது. நான் அதைவிட உன்னிப்பாகப் பார்த்தது இறங்கும்போது. அழுத்தத்தை விட்டதும் முள் பூஜ்யத்துக்கே திரும்ப வேண்டும். ஒன்று இரண்டு மீட்டரில் தயங்கி நின்றால் சவ்வு களைத்துவிட்டது, அல்லது உள்ளே எங்கோ உராய்கிறது என்று அர்த்தம். நண்பருடைய வாட்சின் முள் லேசாகத் தட்டிய பிறகு பூஜ்யத்துக்கு வந்தது. அவர் மகிழ்ந்துபோய்விட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான், ஆனாலும் அந்த ஒரு தட்டல் எனக்கு உறுத்துகிறது. தட்டினால்தான் திரும்பும் முள்ளை நம்பி நான் 40 மீட்டர் போகமாட்டேன்.

பாத்தி வாங்க நினைப்பவர்கள் இந்தச் சோதனை முடிவைக் கேட்காமல் வாங்க வேண்டாம். நுண்குழாயில் இருக்கும் கோளாறை யாரும் வாங்கும் முன்பே கண்ணால் பார்த்துவிட முடியும். இதில் கோளாறு எல்லாம் பின்மூடிக்குள் ஒளிந்திருக்கிறது.

மூன்றாவது சிட்டிசன் அக்வாலேண்ட், சி023 இயந்திரம் வைத்தது. 1985ல் வந்தது, மின்னணு ஆழ உணரியைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்த முதல் வாட்ச். இடது விளிம்பில், 9 மணிப் பக்கம், புடைத்துக்கொண்டிருக்கும் உணரிதான் அதன் அடையாளம். அழகில்லை என்று சிலர் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. வேலை செய்யும் உறுப்பை ஒளிக்காமல் வெளியே வைத்திருக்கிறார்கள்.

முட்களால் நேரம், டயலின் மேல்பகுதியில் இருக்கும் டிஜிட்டல் கட்டத்தில் ஆழம், மீட்டரில் பத்தில் ஒரு பங்கு வரை. 80 மீட்டர் வரை அளக்கும். போன அதிகபட்ச ஆழத்தையும் நினைவில் வைத்துக்கொள்ளும். மற்ற இரண்டிலும் இல்லாத வசதி அது. பழைய அட்டவணைக் கணக்குக்கு வேண்டியதும் அந்த அதிகபட்ச ஆழமேதான். வாட்சோடு வந்த ரப்பர் பட்டையில் நிறுத்தமில்லா நேர அட்டவணையே அச்சடித்திருக்கும். ஆழம், நேரம், அட்டவணை என மூன்றும் ஒரே மணிக்கட்டில். 1960களில் தொடங்கிய முயற்சி இங்கேதான் முழுமையடைந்தது என்பேன்.

அதே முடிச்சுக் கயிற்றில் இறங்கிப் பார்த்தேன். 5 மீட்டரிலிருந்து 35 வரை எங்கும் கம்ப்யூட்டருக்கும் இதற்கும் அரை மீட்டருக்கு மேல் வேறுபாடு வரவில்லை. நன்னீர் ஏரியில் மட்டும் கொஞ்சம் குறைவாகக் காட்டும்: 30 மீட்டரில் ஏறத்தாழ 29.3. கடல்நீர் கனமானது, கணக்கு அதை வைத்துத்தான் போடப்பட்டிருக்கிறது. அது குறை இல்லை. எத்தனையோ ஆழமானிகளுக்கு அப்படித்தான்.

கையில் கட்டும்போது ஒரு விஷயம். இடது கையில் கட்டினால் உணரிப் புடைப்பு முழங்கைப் பக்கம் போய்விடும், தெரியவே தெரியாது. வலது கையில் கட்டினால் புறங்கையை அழுத்தும், கையுறை விளிம்பிலும் மாட்டும். அதனால் அக்வாலேண்டுக்காக மட்டும் கம்ப்யூட்டரை வலது கைக்கு மாற்றிக்கொள்கிறேன்.

பேட்டரி மாற்றுவதை இந்த வாட்ச் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள். பின்மூடியைத் திறந்தாலே ரப்பர் வளையத்தை மாற்ற வேண்டும், அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். அதோடு, டிஜிட்டல் கட்டம் மணி காட்டுகிறது என்பதால் ஆழ உணரியும் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டும் வேறு வேறு. ஒரு மீட்டர் ஆழத்துக்காவது இறக்கிப் பார்த்தால்தான் தெரியும். வாளி போதாது, நீச்சல்குளம் வேண்டும். உணரி செத்துப்போனால் நுண்குழாயைப் போல வீட்டில் உட்கார்ந்து சரிசெய்ய முடியாது. இது ஒன்றுதான் எனக்கு இந்த வாட்சைப் பற்றி இருக்கும் கவலை.

எல்லாப் பழைய வாட்சுக்கும் பொதுவான இரண்டு விஷயம் சொல்ல வேண்டும். டயலின் அடியில் சிறிய "டி" (T) எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சில் ட்ரிடியம் இருந்தது என்று அர்த்தம். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டு. ஐம்பது ஆண்டில் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், பூச்சும் களைத்துப்போயிருக்கும். அதாவது இருட்டில் எதுவும் தெரியாது. விளக்கு கொண்டுபோக வேண்டும். அதற்கும் முந்தைய வாட்ச்களில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டு. அதைத் திறந்து சுரண்டுவது, தூசியைச் சுவாசிப்பது இரண்டும் கூடாது. இரண்டாவது, நிறம். நீருக்கடியில் முதலில் மறைவது சிவப்பு. என் நுண்குழாய் வாட்சில் ஆழமான பகுதியைச் சிவப்பு எண்களால் எழுதியிருக்கிறார்கள், எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று. மேசைமேல் வைத்துப் பார்த்தால் கண்ணைப் பறிக்கிறது. 20 மீட்டருக்குக் கீழே அது சாம்பல் கறுப்பு. விளக்கடித்தால்தான் மீண்டும் சிவப்பாகிறது. மஞ்சளிலும் வெள்ளையிலும் எழுதிய டயல் கிடைத்தால் அதையே எடுங்கள்.

1983ல் ஆர்கா எட்ஜ் மாதிரியான டைவ் கம்ப்யூட்டர்கள் வந்ததும், நேரத்தையும் ஆழத்தையும் வைத்து ஓயாமல் கணக்குப் போடும் வேலையை அவை எடுத்துக்கொண்டன. ஆனாலும் கடிகாரக்காரர்கள் விடவில்லை. 1999ல் ஐடபிள்யூசி டீப் ஒன், 2011ல் பிளாங்பானின் எக்ஸ் ஃபாதம்ஸ் என்று இயந்திர ஆழமானி தொடர்ந்து வந்துகொண்டிருக்கிறது. 2013ல் ஓரிஸ் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது: தடித்த சஃபயர் கண்ணாடியின் விளிம்பிலேயே குழாயை வெட்டி, 12 மணியில் துளை விட்டு, பழைய நுண்குழாயை அப்படியே திரும்பக் கொண்டுவந்தார்கள். பழையதில் அக்ரிலிக் கீறுமே என்று பயப்படுபவர்கள் அதைப் பார்க்கலாம்.

என் முடிவைக் கேட்டால், முக்குளிக்கும்போது கட்டிக்கொள்ள ஒரே ஒரு பழைய வாட்ச் வேண்டும் என்பவர்கள் அக்வாலேண்ட் வாங்கட்டும். உணரி சோதித்ததாக இருக்க வேண்டும். 20 மீட்டருக்குள்ளேயே உலவுபவர்கள், தன் கருவியைத் தானே கழுவித் துடைத்துப் பார்த்துக்கொள்ளப் பிரியப்படுபவர்கள், நுண்குழாய் வாட்சை எடுத்துக்கொள்ளட்டும். இருப்பதில் எளிதும் அதுதான், நான் அதிகம் கட்டுவதும் அதைத்தான். பாத்தி வாங்குபவர்கள் அதை உலர்ந்த இடத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

நுண்குழாய் வாட்சுக்கு விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான். முப்பது சென்டிமீட்டர் தண்ணீர் உள்ள வாளியின் அடியில் வாட்சை வைத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழாய் வட்டம் முழுக்க ஓடி, துளையும் திறந்திருந்தால், தண்ணீர் ஏறத்தாழ பத்து டிகிரி, அதாவது இரண்டு நிமிடக் கோடுகளுக்குக் கொஞ்சம் குறைவாக, உள்ளே வந்து நிற்கும். வெளியே எடுத்ததும் திரும்பிப் போய்விடும். கோடு அசையவே இல்லை என்றால் அடைப்பு. உள்ளே வந்த தண்ணீர் வேகமாக வட்டம் முழுக்க ஓடிவிட்டால் அடைத்திருக்க வேண்டிய முனை கசிகிறது. அடைப்பை நீங்களே எடுத்துவிடலாம், விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். கசிவு என்றால் விட்டுவிடுங்கள். வீடியோ எடுக்க மாட்டேன், வாட்ச் நன்றாக ஓடுகிறது என்று மட்டும் சொல்பவரிடமும் வாங்க வேண்டாம்.